நான்காம் வார்டின் சாவி

ஜூலை 9, இரவு

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான்தான், சுண்டெலி. நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். அம்மா விழித்துக்கொண்டால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கு அடியில், ஒரு பித்தளைச் சாவி இருக்கிறது. சிவப்புத் துணிப்பட்டை, அதில் '4' என்று தைத்திருக்கிறது. அது என்ன சாவி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் வார்டு மருந்து அலமாரிச் சாவியைத்தானே உங்கள் மருத்துவமனையே தேடிக்கொண்டிருக்கிறது.

அம்மா அதை செவ்வாய் இரவு எட்டு மணிக்கு அடுத்த டியூட்டி சிஸ்டரின் கையில் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறாள். "கையில வச்சு, விரலை மூடிவிட்டேன்டி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்கிறாள். பொய் சொல்லவில்லை பெரியம்மா. அவளுக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. ஆனால் பதினொரு மணிக்கு யூனிஃபார்மை ஊறவைக்கப் போனபோது சாவி அவள் பாக்கெட்டில் இருந்தது. பயந்துபோய் ஒளித்துவிட்டேன். காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் மருத்துவமனையிலிருந்து ஆள் வந்துவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அம்மா டியூட்டி முடித்துத் தூங்கும்போது போன் வந்தால் நான்தான் எடுக்க வேண்டும். "அம்மா வீட்ல இல்லை" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி டியூட்டிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். கடைக்குப் போயிருக்காங்க, பல் டாக்டரிடம் போயிருக்காங்க என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் உங்கள் ஆபீஸ் கிளார்க், "உங்கம்மாவுக்கு மொத்தம் எத்தனை பல்லு பாப்பா?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் தண்ணீர்க் குழாய் உடைந்து லீவு விட்டார்கள். திங்கள் மதியம் இரண்டு மணிக்குப் போன அம்மா செவ்வாய் காலை ஏழு மணிக்குத்தான் வந்து படுத்தாள். ஒன்பது இருபதுக்கு போன் அடித்தது. எடுத்தால், நீங்கள். "அம்மா இருக்காளா கண்ணு?" என்றீர்கள். உங்கள் குரலைக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் வயிற்றில் ஆபரேஷன் செய்த அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவிடம் எப்படிப் பொய் சொல்வது? "இருக்காங்க பெரியம்மா, தூங்குறாங்க, எழுப்பட்டுமா?" என்று சொல்லிவிட்டேன். சந்தோஷமாக வேறு சொன்னேன்.

அம்மா பத்து மணிக்கு மறுபடி டியூட்டிக்குப் போனாள். மீதி உங்களுக்குத் தெரியும்.

இருபத்துநாலாம் தேதி விசாரணையாம். நர்ஸ் பதிவிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்களாமே? அப்படியானால் அம்மா எந்த ஊரிலும் எந்த மருத்துவமனையிலும் வேலை பார்க்க முடியாதாம். அப்பா போன பிறகு நாங்கள் இரண்டே பேர். சாவியை என்ன செய்வது? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சாக்கடை இருக்கிறது. ஆழமானது.

பதிலை என் தோழி பஞ்சுவின் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். அடியில் எழுதியிருக்கிறேன்.

சுண்டெலி


ஜூலை 12

சுண்டெலிக்கு,

கடிதம் கிடைத்தது. சாக்கடைப் பக்கம் போகாதே. சாவியைத் துடைக்காதே, கழுவாதே, பஞ்சுவிடம் காட்டாதே. இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

விசாரணையில் இருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி நான் உன்னிடம் பேசக் கூடாது. நாற்பத்திரண்டு நர்ஸுகளுக்கு டியூட்டி லிஸ்ட் போடுகிறவள் நான். என் தங்கை என்பதற்காக ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ சொல்ல முடியாது. உனக்குப் புரியும் வயதுதான்.

செவ்வாய் அன்று நான் போன் செய்தது வேலை நிமித்தம். நான்காம் வார்டில் இருபத்தெட்டு நோயாளிகள், ஒரே ஒரு நர்ஸ். நீ சொன்னது உண்மை. உண்மை சொன்னதற்காக யாரும் வருந்த வேண்டாம்.

சாப்பிடு. படி. குளியலறைத் தரையில் உட்காராதே, சளி பிடிக்கும். வீட்டில் வெள்ளைத்தாள் தீர்ந்துவிட்டது, பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

பெரியம்மா


ஜூலை 14, இரவு

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நீங்கள் வேலை நிமித்தம் எழுதியது போலவே இருந்தது கடிதம். இருந்தாலும் மூன்று தடவை படித்தேன்.

அம்மா இப்போது என்ன செய்கிறாள் தெரியுமா? வேலைக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா, ஆனாலும் தினமும் காலையில் யூனிஃபார்மை இஸ்திரி போடுகிறாள். நேற்றுப் போட்டதையே இன்றும் போடுகிறாள். போன் அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. நேற்று அடித்தது தவறான நம்பர். யாரோ காஸ் சிலிண்டர் கேட்டார்கள். அம்மா அரை மணி நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் கடிதத்தில் ஒன்றை எழுதவில்லை. கை வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

அன்று இரவு அம்மா எட்டு ஐம்பதுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே கட்டிலில் விழுந்தாள். யூனிஃபார்மை நான்தான் உருவி எடுத்தேன், அப்போதும் முழிக்கவில்லை. ஒன்பது ஐந்துக்கு போன் அடித்தது. மறுபடியும் டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். காலையில் செய்த தப்பை இரண்டாம் தடவை செய்யக் கூடாது என்று, "அம்மா இன்னும் வரலை" என்று சொல்லிவிட்டேன். "வந்தா உடனே பேசச் சொல்லும்மா, அவசரம்" என்றார் அந்தக் குரல். எப்போதும் அவசரம் என்றுதானே சொல்வார்கள்? மறுபடி ஒன்பது பத்துக்கு. மறுபடி ஒன்பதே காலுக்கு. மூன்று தடவையும் அதையே சொன்னேன். பிறகு ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

அவர்கள் கேட்டது சாவியை. அது எனக்குத் தெரியாது.

பஞ்சுவின் அம்மா சொல்கிறார், இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன ஒருவர் வலி ஊசிக்காக முக்கால் மணி நேரம் கத்தினாராம். கடைசியில் அலமாரிப் பூட்டை உடைத்தார்களாம். இப்போது, 'எட்டு மணிக்குக் கிளம்பியவள் ஒன்பதே கால் வரை வீட்டுக்குப் போகவில்லை, மருந்துச் சாவியோடு எங்கே போனாள், யாருக்கு விற்கப் போனாள்?' என்று கேட்கிறார்களாம். அம்மா வீட்டில்தான் இருந்தாள். இல்லை என்று சொன்னது நான். காலையில் உண்மை சொல்லி அம்மாவை அனுப்பினேன், இரவு பொய் சொல்லி அவளைத் திருடியாக்கினேன். அந்தத் தாத்தா கத்தியது எனக்குக் கேட்கிறது பெரியம்மா. நான் கேட்டதே இல்லை, ஆனாலும் கேட்கிறது.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பென்சிலில் கட்டம் போட்டிருக்கிறது. ஜூன் 15 முதல் 21 வரை. அம்மா பெயர் ஒரு வாரத்தில் ஒன்பது இடத்தில் இருக்கிறது. அதில் நான்கு இடத்தில் பெயரைச் சுற்றி வட்டம். வட்டம் என்றால் என்ன?

சுண்டெலி


ஜூலை 17

சுண்டெலி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை.

முதலில் அந்த மனிதரைப் பற்றி. இப்போது நன்றாக இருக்கிறார். நேற்று ஊன்றுகோலோடு நடந்தார். "அந்த நர்சம்மா எங்க? அவங்க ஊசி போட்டா வலிக்காதே" என்று உன் அம்மாவைத்தான் தேடுகிறார். இதை முதலில் படி. மற்றதைப் பிறகு படி.

வட்டம் என்றால், 'வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னாள், போக விடவில்லை' என்று பொருள். அது எனக்கு மட்டும் உள்ள குறி.

எங்கள் முறை இப்படி. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அலமாரி மருந்தை வாய்விட்டு எண்ணி, கையெழுத்துப் போட்டு, சாவி கை மாற வேண்டும். ஆள் வராவிட்டால் சாவி இருப்பவள் பாக்கெட்டில்தான். நோயாளிகளை அம்போவென்று விட்டுப் போனாள் என்று புகார் வரும், அந்தப் பயத்தில் நிற்பார்கள். பதினாறு மணி நேரம்கூட நிற்பார்கள். பிறகு ஒரு படிவம் கொடுப்போம், 'சொந்த விருப்பத்தில் தங்கினேன்' என்று. தூக்கக் கலக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள். நர்ஸ் சங்கம் இதை எதிர்த்து மனுக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. கட்டாய ஓவர்டைமுக்கு வரம்பு வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மருத்துவமனை ரிஜிஸ்டரைக் காட்டும். அதில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரும் வேலை செய்திருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் ரிஜிஸ்டரை எழுதுவது நான். நடந்ததைப் பென்சிலில் எழுதுவேன். மாதக் கடைசியில் சட்டத்துக்குப் பொருந்துகிற மாதிரி மையில் எழுதுவேன். பென்சில் தாளைக் கிழித்துப்போட வேண்டும். வார்டில் எனக்குப் பட்டப்பெயரே பென்சில் அக்கா. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாளைக் கிழிக்க எனக்கு மனம் வராது. நானும் உன் அம்மாவும் ஒரே நோட்டைப் பாதி பாதியாகப் பிரித்துப் படித்தவர்கள். எல்லாத் தாளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கி வைத்திருக்கிறேன். உனக்கு எழுதும்போது எந்தத் தாள் என்று பார்க்காமல் எடுத்துவிட்டேன். இப்போது எழுதும் இதை, பார்த்துத்தான் எடுத்தேன். திருப்பிப் பார். ஜூலை 6, 7.

இன்னும் ஒன்று. செவ்வாய் காலையில் போன் செய்ய வேண்டியவர் கிளார்க். நான்தான், "நான் பேசுறேன், விடுங்க" என்றேன். எடுப்பது நீ என்று தெரியும். என்னிடம் நீ பொய் சொல்ல மாட்டாய் என்றும் தெரியும். அதனால்தான் பேசினேன். தப்பு உன்னுடையது இல்லை.

என் இரண்டு கடிதங்களையும் உடனே எனக்குத் திருப்பி அனுப்பு. மிக அவசியம்.

பெரியம்மா


ஜூலை 18, இரவு

பெரியம்மாவுக்கு,

திருப்பிப் பார்த்தேன். திங்கள் மதியம் இரண்டு மணியிலிருந்து செவ்வாய் இரவு எட்டு வரை முப்பது மணி நேரம். அதில் அம்மா வீட்டில் இருந்தது நான்கு மணி நேரம்கூட இல்லை. இரண்டு வட்டம்.

கடிதங்களை அனுப்ப மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அவசரம் என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லாரும் எதையாவது எடுத்துக்கொண்டு போகத்தான் சொன்னார்கள். நீங்கள் அன்று "அம்மா இருக்காளா கண்ணு" என்று கேட்டதும் அப்படித்தான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இப்போது இந்தத் தாளை வாங்கிக் கிழித்துவிட்டால்? உங்களுக்கு வேலை இருக்கும். அம்மாவுக்கு என்ன இருக்கும்?

கணக்குப் புத்தக அட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். வகுப்பில் டீச்சர் என் பக்கம் வந்தாலே புத்தகத்தை மூடிவிடுகிறேன். இன்று, "என்ன, பேய் அடிச்ச மாதிரி இருக்கே?" என்றார்.

பெரியம்மா, உங்களை நம்பலாமா? ஆமாம் என்றோ இல்லை என்றோ மட்டும் எழுதுங்கள்.

சுண்டெலி


ஜூலை 20

சுண்டெலி,

தெரியவில்லை.

நேற்று சூப்பரின்டெண்ட் அறையில், "உங்க தங்கச்சி விஷயத்துல நீங்க ஒதுங்கியே இருந்தீங்க, நல்லது. இன்னும் ரெண்டு வருஷத்துல ஓய்வு பெறப் போறீங்க இல்லையா" என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆட்டிய தலை எனக்கே பிடிக்கவில்லை. கடிதங்களைத் திருப்பிக் கேட்டபோது என்ன செய்வதாக இருந்தேன் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது. அதனால் நீ அனுப்பாதது சரி.

கடிதங்களை உன் அம்மாவிடம் கொடு. சாவியையும் கொடு. போனில் சொன்னதையும் சொல்லிவிடு. நீ சொல்வது வெறும் சாவியோடு போனால் அவளுக்கு எதிராகப் போகும். இந்தத் தாளோடு சேர்ந்து போனால், ஒரு மனுஷி எவ்வளவு நேரம் தூங்காமல் இருந்தால் கொடுக்காத சாவியைக் கொடுத்ததாக நினைப்பாள் என்பது அவர்களுக்கு விளங்கும். சங்கத்தின் மனுவை விசாரிக்கும் பணிநேரக் குழுவிலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வருகிறார்கள். சங்கம் போராடி வரவழைத்திருக்கிறது.

அதன் மறுபக்கத்தில் நான் எழுதியிருப்பதையும் அவர்கள் படிப்பார்கள். படிக்கட்டும்.

பெரியம்மா


ஜூலை 22, இரவு

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சாவியைத் துணியின்மேல் வைத்தேன். அவள் சாவியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், விரலை மூடி மூடித் திறந்தாள். "அப்ப நான் கொடுக்கலையா?" என்றாள். "நான் கொடுத்தேனேடி" என்றாள் மறுபடியும். பிறகு துணி கருகும் வாசனை வந்தது.

போனில் சொன்னதைச் சொன்னபோது அடிப்பாள் என்று நினைத்தேன். "யாரு உனக்கு அப்படிச் சொல்லக் கத்துக்கொடுத்தது?" என்று கேட்டாள். "நான்தானே" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

உங்கள் கடிதங்களைப் படித்தாள். முதலில் பென்சில் பக்கம், பிறகுதான் மறுபக்கம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் கேட்டாள்:

"உனக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா? ரெண்டு மாடி மேல. அடுத்த ஆளு வரலை, சாவி என்கிட்ட. உங்க பெரியம்மா வந்து உன் பக்கத்துல உட்கார்ந்துட்டா. பெரிய உபகாரம்! அவளும் நர்ஸ்தானே? என் வார்டுல வந்து நின்னு, சாவியை வாங்கிக்கிட்டு, என்னைக் கீழ அனுப்பியிருக்கலாமே? நீ கண்ணு முழிக்கும்போது நான் இருந்திருப்பேனே."

உங்களோடு பேசாமல் இருப்பது இதற்காகத்தானாம். அன்று நீங்கள் லீவு தராததற்கு இல்லையாம். அதை உங்களிடம் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

நாளை மறுநாள் நானும் விசாரணைக்குப் போகிறேன். போனில் பேசியது நான்தான் என்று நானே சொல்ல வேண்டும். மூன்று தடவை ஒத்திகை பார்த்தேன், மூன்று தடவையும் அழுகை வந்தது. நீங்கள் வருவீர்களா?

சுண்டெலி


ஆகஸ்ட் 3

என் சுண்டெலிக்கு,

அறையை விட்டு உன்னை வெளியே அனுப்பிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். நீ பேசியபோது அழவில்லை. அழாமல் இருந்ததற்காகத்தான் எனக்கு அழுகை வந்தது.

மையில் எழுதிய ரிஜிஸ்டரை மருத்துவமனை வக்கீல் மேஜையில் வைத்தார். உன் அம்மா என் கடிதங்களை வைத்தாள். குழுவிலிருந்து வந்த அம்மாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பென்சில் கையெழுத்து யாருடையது?" என்று கேட்டார். அறையில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. உன் அம்மாவும் பார்க்கவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"என்னுடையது. மையும் என்னுடையது" என்றேன். பையில் கொண்டுபோயிருந்த கட்டையும் வைத்தேன். இருபத்தாறு மாதத் தாள்கள். அவர் மெதுவாகத் திருப்பினார். "வட்டம் ரொம்ப இருக்கே" என்றார். கடிதங்களை மட்டும் நானே உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. "சளி பிடிக்கும்" என்ற இடத்தில் வக்கீல் இருமினார்.

முடிவு உங்களுக்கு வந்திருக்கும். உன் அம்மாவின் பெயர் பதிவில் இருக்கும். சாவிக்காக ஒரு எச்சரிக்கை அவள் கோப்பில் ஏறும், அது போகாது. எனக்கு லிஸ்ட் போடும் அறை இனி இல்லை. ஓய்வு பெறும்வரை வார்டு. பதினோரு வருடத்துக்குப் பிறகு கட்டில் கட்டிலாக நடக்கப் போகிறேன். முழங்கால் இப்போதே முனகுகிறது. ரிஜிஸ்டருக்காகத் தனியாக ஒரு நடவடிக்கை வரும் என்கிறார்கள். வரட்டும், அது எனக்கு வர வேண்டியதுதான்.

உன் அம்மா சொன்னதை எழுதியிருந்தாய். இந்த இரண்டு வருடத்தில் அது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. உன் கட்டில் பக்கத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து, நல்ல அக்கா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு மாடி ஏறத் தோன்றவில்லை.

பெரியம்மா

இது வெள்ளைத்தாள். கடையில் வாங்கினேன்.


ஆகஸ்ட் 19, இரவு

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இன்று நான்காம் வார்டில் அம்மாவுக்கு அடுத்த டியூட்டிக்கு வந்து அவளை அனுப்பியது நீங்கள்தானாமே! அம்மா தானாகச் சொல்லவில்லை. மதியம் இரண்டு இருபத்தைந்துக்கு வீட்டில் இருந்தாள். அவள் வெயிலில் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

சாப்பிடும்போது, "அவளுக்கு இன்னும் மருந்துப் பேரு எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள். யாருக்கு என்று கேட்டேன். "சேர்ந்து எண்ணித்தானே ஆகணும். நான் மூணுன்னேன். அவளும் மூணுன்னா. ஆறுன்னேன். ஆறுன்னா. அப்படியே அலமாரி முழுக்க" என்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு நீங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதானா பெரியம்மா? பிறகு அம்மா சொன்னாள்: "சாவியை வாங்கிக்கிட்டு என் விரலைப் பிடிச்சு மூடினா. 'இப்ப உன் கை காலி, பார்த்துக்கோ'ன்னா. திமிரு." ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

விசாரணைக்குப் பிறகு வந்த புதிய விதியை சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரையும் நிறுத்தக் கூடாது. ஒரு டியூட்டிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பத்து மணி நேரம் ஓய்வு வேண்டும். மறுத்தால் தண்டனை இல்லை. மூன்று மாதத்துக்குச் சோதனையாக என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தச் சின்ன எழுத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று மாதம் கழித்து?

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு போன் அடித்தது. அம்மா படுத்திருந்தாள். நான் ஓடினேன், ஆனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இருக்காங்க என்பதா, இல்லை என்பதா? இரண்டும் பயமாக இருந்தது. நான் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் அம்மா வந்து நின்றாள். அவளே எடுத்தாள்.

"ஆமா, நான்தான் பேசுறேன். வீட்லதான் இருக்கேன். ரெண்டு மணிக்குத்தான் வந்தேன், இன்னும் பத்து மணி நேரம் ஆகலை. இல்லைங்க. வர முடியாது."

வைத்துவிட்டாள். போனுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். மறுபடி அடிக்கும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். அம்மா மெதுவாக, "அங்க யாரு நிக்கிறாங்களோ" என்றாள். அடிக்கவில்லை. அவள் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் போர்வையை எடுத்து வந்து போர்த்திவிட்டேன்.

அங்கே நின்றது நீங்களா? சாப்பிட்டீர்களா? எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்? எழுதுங்கள். எங்கள் வீட்டு முகவரிக்கே எழுதலாம். கொஞ்ச நேரத்துக்கு முன்பு அம்மா எழுந்து வந்து குளியலறைக் கதவைத் தட்டி, "வெளிய வந்து மேஜையில உட்கார்ந்து எழுது. சளி பிடிக்கும்" என்றாள்.

சுண்டெலி